பெயர் ஒன்றுதான், மருந்து ஒன்றல்ல

2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது, அதற்குக் கொடுக்கும் ஆம்போடெரிசின் என்னும் பூஞ்சைக்கொல்லி ஊசிமருந்தைப் பற்றி, மருத்துவமனை மருந்தாளுநராக நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: "சார், ரெண்டுமே ஆம்போடெரிசின்தானே, விலை மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?" தம்பிக்காகக் கடை கடையாக அலைந்து வந்த ஒருவர், சீட்டில் 'லிப்போசோமல்' என்று எழுதியிருக்க, சாதாரண ஆம்போடெரிசின் பி வயல்கள் (மருந்துக் குப்பிகள்) ஆறினை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அதைக் கேட்டார்.

இம்மருந்து பூஞ்சையின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பைப் பற்றி அதில் ஓட்டையிடுகிறது. நம் செல்களில் உள்ள கொலஸ்டிராலும் அதற்கு ஓரளவு நெருங்கிய உறவு என்பதால் சிறுநீரகமும் அடிபடுகிறது. அதே மருந்தை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழியின் சுவருக்குள் பொதித்தால், அது பெரும்பாலும் பூஞ்சையை ஒட்டிய பிறகே வெளிப்படுகிறது; இதுதான் 'லிப்போசோமல்' வகை. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் என்றால் அக்குமிழியின் நுண்மை புரியும். அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் அதிக அளவில் கொடுக்க முடிகிறது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. லிப்போசோமல் வகையில் 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 300 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் வயல் ஆறு. சாதாரண வகையிலோ கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், அதாவது நாளொன்றுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. அவர் கொண்டுவந்த ஆறும் ஏறியிருந்தால் இதயமே நின்றுபோயிருக்கலாம். மருத்துவரிடம் பேசி, மறுநாள் காலைக்குள் சரியானதை வரவழைத்தோம். அந்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். லிப்போசோமல் தூளை ஊசிக்குரிய தூய நீரில் கரைத்து, நன்றாகக் குலுக்கி, வடிகட்டி வழியாக 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலில்தான் சேர்க்க வேண்டும். சலைன் (உப்புநீர்) பட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும். முன்பு சலைன் ஓடிய குழாயையும் டெக்ஸ்ட்ரோஸால் அலசிய பிறகே இதை ஏற்ற வேண்டும்.

நானோ வடிவம் என்பதற்காகச் சிறுநீரகத்துக்குக் கேடே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் உயரும், ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியில் வாங்கி வரும் உறவினர்கள், கடையை விட்டு இறங்கும் முன், பெட்டியிலும் வயலிலும் 'லிப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்று மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள்.