பி.ஆர். மட்டும் போதாது: மலையகத்தில் புதிதாகத் தொழில் தொடங்குவோர் கவனத்துக்கு

பி.ஆர். (வியாபாரப் பெயர்ப் பதிவு) எடுத்துவிட்டோம், இனி எல்லாம் சட்டப்படி சரி என்று நம்பிக் கடை திறப்பவர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் நிறைய இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் கிடைக்கும் அந்தச் சான்றிதழ், இந்தப் பெயரில், இந்த இடத்தில், இன்னார் தொழில் செய்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. கடை நடத்துவதற்கான அனுமதியைப் பிரதேச சபையிலோ நகர சபையிலோ எடுக்க வேண்டும். வருமான வரிக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம், வேலையாட்களின் சேமலாப நிதிக்குத் தொழில் அலுவலகம். ஓரிடத்தில் பதிந்தால் மற்ற இடங்களில் தானாகப் பதிவாகிவிடாது.

முதல் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வருகிறது. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். பி.ஆர்., டின் இலக்கம் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்), வங்கிக் கணக்கு மூன்றையும் அடையாள அட்டையில் உள்ளபடியே எடுங்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். லயத்து அறையிலோ தோட்டக் காணியிலோ தொழில் செய்பவரால் காணி உறுதியையோ வாடகை ஒப்பந்தத்தையோ காட்ட முடியாது. தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. கடிதம் தவறாமல் கைக்கு வந்து சேரும் முகவரியைக் கொடுங்கள். தோட்டக் காரியாலயத்தில் தங்கிவிட்ட வரி அறிவித்தலுக்கும் கெடு நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சபை தரும் வியாபார அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் திகதி காலாவதியாகும். ஜனவரியில் எடுத்ததும் ஒக்டோபரில் எடுத்ததும் அதே நாளில்தான் முடியும். சாப்பாட்டுக்கடை, பேக்கரி என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இடத்தைப் பார்க்க வருவார். கழிவுநீர் போகும் வழியை அதற்கு முன்பே சரிசெய்யுங்கள். உங்கள் சபை எது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். 2018 தேர்தலோடு அம்பகமுவ பிரதேச சபையிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும், நுவரெலியா பிரதேச சபையிலிருந்து கொட்டகலையும் அக்கரப்பத்தனையும் தனிச் சபைகளாகிவிட்டன. நிறுத்து விற்பவர்கள் தராசுக்கு வருடாவருடம் முத்திரை போட வேண்டும்.

வருமான வரியைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. டின் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்பது தவறு. வரி, விற்பனைக்கல்ல, இலாபத்துக்கு. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். வேறு வருமானம் இல்லாத ஒருவருக்குச் செலவெல்லாம் போக ஆண்டில் 24 இலட்சம் மிஞ்சினால், 6 இலட்சத்துக்கு மட்டும் 6 சதவீதம், அதாவது 36,000 ரூபா. இதை ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15ஆம் திகதிகளில் நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். மார்ச் 31 இல் முடியும் ஆண்டுக்கான அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. திணைக்களம் அறிக்கை கேட்டு அறிவித்தால், வரி இல்லாவிட்டாலும் அனுப்பியே ஆக வேண்டும். தாமதத் தண்டம் 50,000 ரூபாவிலிருந்து தொடங்கக்கூடும். கட்ட வேண்டிய வரியை விடத் தண்டம் பெரிதாகிவிடும்.

இலாபத்தை நிரூபிப்பது கொப்பிதான். தோட்டத்தில் சம்பளம் போடும் நாள் வரை கடனுக்குக் கொடுப்பது நம் கடைகளின் வழக்கம். கடன் கொப்பி ஒருபுறம், கல்லாக் காசு மறுபுறம் என்று இருந்தால் வருட முடிவில் எதுவும் பொருந்தாது. கடன் கொடுத்தது, கடன் வசூலானது, வீட்டுக்கு எடுத்த சாமான் ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். கொள்முதல் பில் இல்லாத செலவைச் செலவென்று காட்டுவது கடினம். வெப்பத் தாளில் அச்சான பில் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பதிவேடுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் நாங்கள் அதிகம் கவலைப்படுவது ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பற்றித்தான். அம்மா அப்பாவின் சேமலாப நிதிக்காகத் தொழில் அலுவலகப் படி ஏறாத குடும்பம் மலையகத்தில் குறைவு. அந்தக் காசின் அருமை தெரிந்தவர்களே முதலாளியானதும் அதை விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும், அவர் தற்காலிகமானாலும், முதல் நாளிலிருந்தே ஈ.பி.எஃப் உண்டு. தேசிய ஆகக்குறைந்த சம்பளமான 30,000 ரூபாவை எடுத்துக்கொள்வோம். ஊழியரிடமிருந்து 8 சதவீதம், 2,400. உங்கள் பங்கு 12 சதவீதம், 3,600. ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், 900. இதுவும் முழுக்க உங்களுடையது. ஊழியர் கைக்கு 27,600 போகும். உங்களுக்குச் செலவு 34,500. விலை நிர்ணயிக்கும்போதே இந்த 34,500ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள், 30,000ஐ வைத்தல்ல.

“எனக்கு ஈ.பி.எஃப் வேண்டாம் அண்ணே, காசாவே குடுங்க” என்று ஊழியரே கேட்டாலும், கையெழுத்தே போட்டுத் தந்தாலும், அந்த உடன்பாடு செல்லாது. வேலையை விட்டுப் போனபின் அவர் முறையிட்டால் இரண்டு பங்கையும் நீங்களே கட்ட நேரிடும். ஒரு மாதத்துக்கான ஈ.பி.எஃப் பணத்தைக் கட்ட அடுத்த மாதக் கடைசி வேலை நாள் தாண்டினால் மேலதிகக் கட்டணம் ஏறும்: 10 நாள் வரை 5 சதவீதம், ஒரு மாதம் வரை 15, ஆறு மாதம் தாண்டினால் 40, ஒரு வருடம் தாண்டினால் 50.

வற் வரி (பெறுமதி சேர் வரி) சிறு கடைகளுக்கு உடனே வராது. 2024 ஜனவரியில் பதிவு எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபா விற்பனை என்று ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. மொத்த வியாபாரம் செய்பவர்கள் மாத விற்பனையைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே இருங்கள். பதியாமல் பில்லில் வற் என்று ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது.

தொழில் சரிவராமல் மூடினால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பிரதேச செயலகத்தில் பெயர்ப் பதிவை இரத்துச் செய்து, இறைவரித் திணைக்களத்துக்கும் சபைக்கும் தொழில் அலுவலகத்துக்கும் எழுத்தில் அறிவித்து, ஒவ்வொன்றிலும் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.