பாஸ்புக்கில் ஒரு வரி: குடும்பத்துக்கே தெரியாமல் கிடக்கும் பணம்

கணவரை இழந்து எட்டு மாதங்கள் ஆன ஒரு பெண்மணி, மஞ்சள் பையில் சில காகிதங்களோடு என்னைப் பார்க்க வந்தார். கணவரின் சேமிப்புக் கணக்கில் இருந்த நான்காயிரத்துச் சொச்சம் ரூபாயை வாங்குவதற்கு விண்ணப்பம் எழுதித் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்ட உதவி. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இப்படி வருகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பாகப் பாஸ்புக்கை முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படிப்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். அந்தப் பாஸ்புக்கில் ஒவ்வொரு ஆண்டும் மே மாதக் கடைசியில் 12 ரூபாயும், பிந்தைய ஆண்டுகளில் 20 ரூபாயும் பிடிக்கப்பட்டிருந்தன. அது என்ன என்று கேட்டேன். "அது பேங்க்ல பிடிக்கிற காசுன்னு அவர் சொல்வார் சார்" என்றார்.

அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீட்டின் ஆண்டு பிரீமியம். 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தில், கணக்கு வைத்திருப்பவர் விபத்தில் இறந்தால் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். அவருடைய கணவர் இறந்ததோ சாலை விபத்தில்; முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதே மஞ்சள் பையில்தான் இருந்தன. நான்காயிரம் ரூபாயைக் கேட்டு வந்தவருக்கு இரண்டு லட்சம் ரூபாய் சேர வேண்டியிருந்தது, அதைச் சொல்ல வேண்டிய எவரும் எட்டு மாதமாகச் சொல்லவில்லை. இதே காலத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய், அல்லது 2022 ஜூனுக்கு முன்பு 330 ரூபாய், பிடிக்கப்பட்டிருந்தால் அது ஜீவன் ஜோதி பீமா யோஜனா. அதில் விபத்து என்று இல்லாமல் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு. இரண்டுக்கும் கோரிக்கைப் படிவத்தைக் கணக்கு இருக்கும் வங்கிக் கிளையிலேயே கொடுக்க வேண்டும். நாள் கடந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவுகட்டி விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுப் படிவத்தைக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

இறந்தவரின் பாஸ்புக்கை மூடுவதற்கு முன் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், குடும்பத்தாருக்குத் தெரியாத பணம் பெரும்பாலும் அதில்தான் தடம் விட்டிருக்கும் என்பதே. சேமிப்புக் கணக்குக்கே உரிய வட்டியைத் தவிர, காலாண்டுக்கு ஒரு முறை வேறு வட்டி வரவும் வந்திருந்தால் எங்கோ ஒரு நிரந்தர வைப்பு இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறை சில நூறு ரூபாய் ஒரு நிறுவனத்தின் பெயரில் வந்திருந்தால் அது பங்கு ஈவுத்தொகையாக இருக்கும். மாதாமாதம் ஒரே தொகை பிடிக்கப்பட்டிருந்தால் காப்பீட்டுப் பாலிசியோ மியூச்சுவல் ஃபண்டோ இருக்கக்கூடும்.

இனி, வங்கியிலேயே மறந்து கிடக்கும் வைப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு சேமிப்புக் கணக்கில் வாடிக்கையாளரின் செயலால் இரண்டு ஆண்டுகளாக எந்த வரவு செலவும் நிகழவில்லை என்றால் அது செயலற்ற கணக்காகிறது. பத்து ஆண்டுகள் யாரும் கேட்காத தொகையை வங்கி, ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். "பத்து வருஷம் ஆயிடுச்சு, கவர்ன்மென்ட் எடுத்துக்கிச்சாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. பணம் அந்த நிதிக்குப் போன பிறகும் கணக்குதாரரோ வாரிசோ எத்தனை ஆண்டு கழித்தும் அதே வங்கியில் கேட்டுப் பெறலாம். வங்கி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு நிதியிலிருந்து ஈடு செய்துகொள்ளும். வட்டி தரும் கணக்காக இருந்தால், நிதியில் இருந்த காலத்துக்கும் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் வட்டி உண்டு. 2021 மே 11 முதல் அது ஆண்டுக்கு 3 சதவீதம். செயலற்ற கணக்கை மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரக் கட்டணம் கிடையாது.

எந்த வங்கியில் என்றே தெரியாதபோது தேடுவதற்காக, ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ஏழு வங்கிகளோடு தொடங்கிய அது 2024 மார்ச்சில் 30 வங்கிகளை உள்ளடக்கியது. கைபேசி எண்ணைப் பதிந்து நுழைந்து, கணக்குதாரரின் பெயரோடு பான், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்றின் எண்ணையோ பிறந்த தேதியையோ கொடுத்துத் தேட வேண்டும். பத்து ஆண்டு கடந்து நிதிக்குப் போன தொகைகள் மட்டுமே அதில் தெரியும். மூன்று ஆண்டாக இயங்காத கணக்கை அதில் தேடி, 'இல்லை' என்று வந்ததும் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அத்தகைய கணக்குக்கு நேரே கிளைக்குத்தான் போக வேண்டும்.

தேடலில் நம்மவர்களுக்கு ஏற்படும் பெரிய தடை பெயர்தான், ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே பெண்மணி திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியலோடும், பிறகு கணவரின் இனிஷியலோடும் கணக்குத் தொடங்கியிருப்பார். முதியவர்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியல் போட்டிருப்பார்கள். ஆதாரிலோ தந்தை பெயர் முழுதாக விரிந்து பின்னால் ஒட்டியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலோ இன்னொரு சிக்கல். லட்சுமி என்ற பெயரை 'கே.எஸ்.எச்' போட்டும் எழுதுவார்கள், 'எக்ஸ்' போட்டும் எழுதுவார்கள்; தமிழ்ச்செல்வியின் ழகரத்துக்கு ஒருவர் 'இசட்.எச்' என்பார், இன்னொருவர் 'எல்' என்பார். சண்முகம் 'எஸ்' என்றும் தொடங்கும், 'எஸ்.எச்' என்றும் தொடங்கும். அந்நாளில் கவுன்டரில் இருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான் இன்றுவரை பதிவாக இருக்கிறது. ஆகவே, ஒரு தாளில் எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டல்களையும் குறித்துக்கொண்டு, இனிஷியல் முன்னும் பின்னும் இல்லாமலும் மாற்றி மாற்றித் தேடுங்கள். கண்டுபிடித்த பின் பெயர் வேறுபாட்டை வங்கி சுட்டிக்காட்டினால், இரண்டும் ஒருவர் பெயரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரிசெய்யலாம்.

பழைய ரசீதில் இருக்கும் வங்கியே இன்று இல்லாமலும் இருக்கலாம். அதனால் பணம் போய்விடவில்லை. தஞ்சாவூர் வங்கி 1990-இல் இந்தியன் வங்கியோடும், தமிழ்நாடு வங்கி அதே ஆண்டில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடும், மதுரா வங்கி 2001-இல் ஐசிஐசிஐ வங்கியோடும் இணைந்தன. திருவாங்கூர் ஸ்டேட் வங்கி 2017-இல் பாரத ஸ்டேட் வங்கிக்கும், விஜயா வங்கி 2019-இல் பரோடா வங்கிக்கும், சிண்டிகேட் வங்கி 2020-இல் கனரா வங்கிக்கும் சென்றன. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியின் கணக்குகள் 2020 நவம்பர் முதல் டிபிஎஸ் வங்கியிடம் உள்ளன. பொறுப்பு ஏற்றுக்கொண்ட வங்கியிடம் பழைய ரசீதோடு போய்க் கேட்கலாம்.

கணக்குதாரர் இறந்திருந்து நாமினி இருந்தால், இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள ஆவணமும் கோரிக்கைப் படிவமும் போதும். அந்த நிலையில் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கொண்டு வா, ஜாமீன் கொடு என்று வங்கி கேட்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கியின் நெடுநாளைய உத்தரவு. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர, மற்ற வாரிசுகளின் பங்கு அதனால் அழிவதில்லை என்பதையும் குடும்பத்தார் தெரிந்துகொண்டால் பல மனக்கசப்புகள் தவிரும். நாமினி இல்லாதபோது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட உத்தரவு, வணிக வங்கிகளில் 15 லட்சம் ரூபாய் வரையும், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் வரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் எளிய நடைமுறையில் தீர்க்கச் சொல்கிறது. ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

வேலை பார்த்தவர் இறந்திருந்தால் வருங்கால வைப்பு நிதியைக் கட்டாயம் பாருங்கள். மில்லிலும் கம்பெனியிலும் வேலை செய்தவர்களின் மனைவியர் 'பி.எஃப்' என்றால் பிடித்த பணம் மட்டுமே என்று எண்ணுகிறார்கள். படிவம் 20-இல் கேட்பது அந்தப் பணத்தை. பணியில் இருக்கும்போதே இறந்திருந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அதற்குப் படிவம் 10-டி. அதோடு படிவம் 5-ஐ.எஃப் வழியாக 7 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுத் தொகையும் உண்டு. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்காமல் விட்ட குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் மிகவும் வலிக்கிறது.

அலமாரியில் பழைய பங்குப் பத்திரம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஏழு ஆண்டுகள் கேட்கப்படாத ஈவுத்தொகையும், தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை வாங்கப்படாத பங்குகளும் ஐ.இ.பி.எஃப் எனப்படும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகும். படிவம் ஐ.இ.பி.எஃப்-5 மூலம் திரும்பக் கேட்கலாம். அதற்கு அரசுக் கட்டணம் கிடையாது.

"உங்கள் பெயரில் பணம் இருக்கிறது, 20 சதவீதம் கொடுத்தால் எடுத்துத் தருகிறேன்" என்று கைபேசியில் பேசுகிறவர்களிடம் ஆதார் நகலையோ ஓ.டி.பி-யையோ கொடுக்காதீர்கள். தேடுவதற்கும் கோருவதற்கும் எந்த வங்கியும் கட்டணம் கேட்பதில்லை. கிளையில் அலைக்கழித்தால், வாய்மொழியாகப் பேசி நாளைக் கடத்தாமல் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அந்த முறையீட்டுக்குத் தேவைப்படும் முதல் ஆதாரம், கிளையில் முத்திரையிட்டு வாங்கிய ஒப்புகைச் சீட்டுதான்.