ஸ்பிட்ஃபயருக்கு எந்த எஞ்சின் பொருந்தும்?

சென்னையில் பழைய வண்டி உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் போய் "நல்ல எஞ்சின் ஒண்ணு வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "எந்த வண்டிக்கு சார்?" நம் கேள்வியைவிட அவர் கேள்வியில் இயற்பியல் அதிகம்.

நண்பரின் ஷெட்டில் ஒரு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார், 1967இல் வந்த மாடல். சென்னைக்கு இது பங்காளி வண்டி. பெருங்களத்தூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தயாரானதே, அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி.

எஞ்சினை மாற்றியே ஆக வேண்டுமா என்று முதலில் பார்த்தோம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கம் குனிந்து, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் உள்ள புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்கைப் பிடித்து வைக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த எஞ்சினுக்கு அது பழைய வியாதி. வாஷர் கழன்று, எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிட்டால், கிராங்க் இரும்பு பிளாக்கையே அரைக்கத் தொடங்கிவிடும். எங்கள் புல்லி நகர்ந்தது. திறந்து பார்த்தபோது பிளாக்கும் போயிருந்தது. பிளாக் மட்டும் பிழைத்திருந்தால் சிலிண்டர்களைக் கடைந்து (போர் செய்து) பழைய எஞ்சினையே ஓட்டச் சொல்லியிருப்பேன்.

சரி, புதிதாக எதைப் போடுவது? பலரும் குதிரைத்திறனில் தொடங்குவார்கள். நான் பின் அச்சில் தொடங்குவேன். எஞ்சின் தரும் முறுக்குவிசை அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸ் அதைப் பெருக்குகிறது, அப்புறம் பின் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் இன்னொரு முறை பெருக்குகிறது. 103 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின், முதல் கியர் 3.6 மடங்கு, டிஃபரன்ஷியல் 4.11 மடங்கு என்றால், பின் சக்கரங்களுக்குச் சேர்வது சுமார் 1,500 நியூட்டன் மீட்டர். அதே இடத்தில் 135 தரும் 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டால் அது 2,000 ஆகிவிடும். எஞ்சின் தாங்கும், ஆனால் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் சிறிய காருக்கென்று செய்தது, அது தாங்குவது சந்தேகம்.

மார்க் 3இன் சொந்த எஞ்சின் 1,296 சி.சி., 75 எச்.பி., சுமார் 102 நியூட்டன் மீட்டர். மாருதி ஜிப்ஸி கிங்கின் 16 வால்வு எஞ்சின் 1,298 சி.சி., 80 எச்.பி., சுமார் 103 நியூட்டன் மீட்டர். இந்த இரண்டு வரியையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. பின் அச்சுக்கு ஆள் மாறியதே தெரியாது.

ஆனால் எடை மாறும். பழையதில் பிளாக், ஹெட் இரண்டுமே இரும்பு. ஜிப்ஸியில் இரண்டும் அலுமினியம், கனஅளவுக்குக் கனஅளவு இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மூக்கு இலேசாக இருந்தால் ஸ்டியரிங் சட்டென்று திரும்பும். இன்னொரு வசதி, ஜிப்ஸியில் எஞ்சின் நெடுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகப் பின்னால் நிற்கிறது. அதை விட்டுவிட்டு, ஐந்து கியர் பாக்ஸிலிருந்து நேராகப் பின் அச்சுக்கு ஷாஃப்ட் கொடுக்கலாம். ஸ்விஃப்ட் போன்ற கார்களின் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்காருவது. அதைத் திருப்பி வைத்தால் பின்சக்கர ஓட்டத்துக்கான கியர்பாக்ஸைத் தேடி அலைய வேண்டும்.

ஐந்தாவது கியரால் என்ன லாபம்? பழைய பாக்ஸின் டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,800 சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவது கியர் விகிதம் 0.86 என்று வைத்துக்கொண்டால் 3,300 போதும். ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை போய் வந்தால் காது அந்த வித்தியாசத்தைச் சொல்லும்.

அடுத்தது சூடு. பெட்ரோல் எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குத்தான் போகிறது. ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் 90 டிகிரி, இங்கிலாந்துக் காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 70. சென்னை மே மாதத்தில் காற்றே 40, வித்தியாசம் வெறும் 50. அதே ரேடியேட்டர் இங்கே 71 சதவீத வேலைதான் செய்யும். கத்திப்பாரா நெரிசலில் எதிர்க்காற்றும் கிடையாது. பெரிய கோரும் மின்விசிறியும் போட்டே ஆக வேண்டும்.

எஞ்சினைத் தனியாக வாங்காதீர்கள். வயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு., சென்சார்கள், எரிபொருள் பம்ப் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். கம்பெனி பல மாதம் சோதித்து அமைத்த கணக்கு அந்த ஈ.சி.யு.வில் இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள செட் என்றால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் கலவையை ஓரளவு அதுவே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் பம்ப் தரும் அழுத்தம் இன்ஜெக்டருக்குப் பத்தாது, ஆகவே டேங்க்கிலிருந்து வரும் குழாய்களையும் மாற்ற வேண்டும்.

செலவு செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். ஆர்.சி. விவரத்திலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால், வண்டி பெரிய மாற்றமில்லாமல் பழையபடியே இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது நாங்கள் ஒரு அட்டையையும் எடுத்துப் போனோம். பழைய சம்ப்பின் பக்கவாட்டு உருவத்தை அதில் வரைந்து வெட்டி, குறுக்குச் சட்டமும் ஸ்டியரிங் ராக்கும் வரும் இடங்களைச் சிவப்பு மையால் குறித்திருந்தோம். கடைக்காரர் ஜிப்ஸி எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி நிறுத்த, அட்டையை அடியில் வைத்துப் பார்த்தோம். முன்பக்கம் இரண்டு விரல்கடை இடித்தது. அவர் சாக்பீஸால் சம்ப்பில் ஒரு கோடு போட்டு, "இத வெட்டி பின்னால அகலமா வெல்டு பண்ணிடலாம், ஆயில் அளவு குறையாது" என்றார்.