ஹேண்டிகேப்: தொப்பி விளையாட்டில் பிறந்த சொல்

"ஹேண்டிகேப்ட் சர்டிபிகேட் வாங்கியாச்சா?", "ஹேண்டிகேப்ட் வண்டியில வருவாரே, அவர்தான்." ஆங்கிலம் படிக்காதவர்கள் வாயிலும் சரளமாகப் புழங்கும் சொல் இது. நொண்டி என்று சொல்லக் கூசுகிறவர்கள், ஆங்கிலத்தில் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று நம்பித்தான் இதைச் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மாற்றுத்திறனாளிகள் பலர் இந்தச் சொல்லே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. போரில் கைகால் இழந்த வீரர்கள் பிச்சையெடுக்க இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி அனுமதி கொடுத்தாராம். அவர்கள் தொப்பியைக் கையில் ஏந்தி நின்றதால் இந்தப் பெயர் வந்ததாம். அது வெறும் கட்டுக்கதை. தொப்பி உண்டு, பிச்சை கிடையாது.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'தொப்பிக்குள் கை' (ஆங்கிலத்தில் 'ஹேண்ட் இன் கேப்') என்றொரு விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் தங்கள் பொருளை மாற்றிக்கொள்ள முன்வருவார்கள். ஒருவரிடம் கடிகாரம், இன்னொருவரிடம் மேலங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சம மதிப்பு இல்லையே? மூன்றாவது ஆள் நடுவராக உட்கார்ந்து, மட்டமான பொருளுக்கு உரியவர் கூடுதலாக எவ்வளவு தர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்வார். மூவரும் தொப்பியில் பந்தயக் காசு போடுவார்கள். பிறகு இருவரும் தொப்பிக்குள் கைவிட்டு எடுப்பார்கள். எடுத்த கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே சம்மதமா மறுப்பா என்று தெரியும். நாட்குறிப்பால் பேர்பெற்ற ஆங்கிலேய அரசு அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் அதில், 1660ஆம் ஆண்டுப் பதிவொன்றில், இந்த ஆட்டத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

அடுத்த நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. வேகமான குதிரையின் முதுகில் நடுவர் கூடுதல் எடை ஏற்றுவார், மற்றவற்றுக்கும் வெல்ல வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. அந்த எடைதான் ஹேண்டிகேப். கோல்ஃப் ஆட்டத்தில் இன்றும் இந்தப் பொருளின் சாயல் இருக்கிறது. ஆக, திறமை மிகுந்த குதிரைமேல் வெளியிலிருந்து வைத்த சுமை அது. குதிரையின் காலில் குறை எதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் எந்தப் பின்னடைவையும் குறிக்கலாம் என்று பொருள் விரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடக்க முடியாத, பார்க்க முடியாத மனிதர்கள்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. வெளியே இருந்த சுமை மனிதரின் அடையாளமாகவே மாறிப்போனது இப்படித்தான்.

இந்த வேறுபாட்டை உலக சுகாதார நிறுவனம் 1980இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. உடலிலோ மனத்திலோ உள்ளது குறைபாடு. அதனால் ஒரு செயலைச் செய்ய முடியாமல் போவது இயலாமை. சமூகத்தில் அதனால் வந்து சேரும் பாதக நிலைதான் ஹேண்டிகேப். ஒரு வங்கிக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஐந்து படி, சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலியில் வந்தவர் தெருவிலேயே நிற்கிறார். நடக்க முடியாதது அவர் கால். உள்ளே விடாதது படி. 2001இல் வந்த புதிய வகைப்பாட்டில் அந்த நிறுவனம் இந்தச் சொல்லையே கைவிட்டது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பெயரில் இருந்த ஹேண்டிகேப்ட் என்ற சொல்லும் 1990இல் போய்விட்டது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பந்தயப் பொருளில் வந்தால் 'சமன்சுமை' என்று எழுதலாம். பொதுப் பின்னடைவுக்கு 'பாதகம்', 'தடை' என்ற சொற்களே போதும். மனிதரைக் குறிக்க 'ஊனமுற்றோர்' நெடுங்காலம் இருந்தது. ஊனம் என்பதற்கு வடமொழி மூலத்தில் குறைந்தது என்றே பொருள், அதனால் அந்தச் சொல் ஆளையே குறைத்துவிடுகிறது. கருணாநிதி ஆட்சியில் 'மாற்றுத்திறனாளி' அரசு வழக்காகி, இன்று செய்தித்தாள், பேருந்து இருக்கை எங்கும் நிலைத்துவிட்டது. இலங்கையில் 'மாற்றுவலுவுள்ளோர்' என்கிறார்கள். குறையை ஈடுகட்ட வேறு திறமை இருந்தே ஆக வேண்டும் என்பதுபோல 'மாற்றுத்திறன்' தொனிக்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் பொதுச்சொல்லாக நான் இதையே ஏற்கிறேன். ஒரு ஏச்சுச்சொல்லின் இடத்தில் மரியாதையைக் கொண்டுவந்தது இது.

ஒருவரைத் தனியாகக் குறிப்பிடும்போது பொதுச்சொல்லே தேவையில்லை. பார்வையற்றவர், காது கேளாதவர் என்று உள்ளதைச் சொல்லலாம். 'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' என்று பத்திரிகைகள் எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். அந்த நாற்காலி வந்த பிறகுதான் அவர் வீட்டைவிட்டு வெளியே வருகிறார். 'சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்' என்பதே சரி. அப்புறம் அந்த 'ஹேண்டிகேப்ட் வண்டி'க்கு அரசு அறிவிப்புகளிலேயே நல்ல பெயர் இருக்கிறது: இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்.