ஆக்சில் என்றால் அச்சாணியா?

காரைக்குடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் ஒரு பயிற்சிக் கையேட்டை நீட்டி, "அத்தான், இதுல நான் கழட்ட வேண்டியது எதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். தலைப்பு: 'கனரக வாகன இயக்க அச்சாணி: ஆய்வும் மறுகட்டுமானமும்'. ஆக்சிலை அச்சாணி ஆக்குவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலுக்குத் தமிழ் அச்சு. வடமொழி 'அக்ஷ'த்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. அந்த வழக்கு இங்கே வேண்டாம். சங்க காலத்திலேயே நம் வண்டியில் ஏறிவிட்ட சொல். புறநானூறு 102இல் ஔவையார் பாடும் உப்பு வணிகர்கள் வண்டிக்கு அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், இன்றைய ஸ்டெப்னி மாதிரி. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறது குறள் 475.

அச்சாணி வேறு. சக்கரம் கழன்று ஓடாதபடி அச்சின் முனையில் செருகும் சின்ன ஆணி அது; கடையாணி என்றும் சொல்வோம். உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதே, பெரிய தேருக்கு அச்சாணி போன்றவர்கள் இருக்கிறார்கள் என்கிறது குறள் 667. ஆணி சிறியது என்பதில்தானே அந்த உவமையின் உயிர் இருக்கிறது? அதையே ஆக்சில் ஆக்கினால் தேரோடு வள்ளுவரும் குடைசாய்வார். கடையாணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரலாம். லாரியின் பின் ஆக்சிலை இறக்க ஜாக்கியும் நாலு ஆளும் வேண்டும். "அச்சாணிக்குள் அச்சும் இருக்கிறதே" என்று தமிழாசிரிய நண்பர் ஒருவர் வாதாடினார். தலையணைக்குள்ளும்தான் தலை இருக்கிறது, சார்!

மாட்டுவண்டியில் அச்சு சுற்றாது. பாரம் தாங்கும், சக்கரம்தான் சுற்றும். கனரக லாரிகளில் பெரும்பாலும் பின்பாரத்தைத் தாங்குவது ஹவுசிங் என்ற வெளிக்கூடு. உள்ளே இருக்கும் ஷாப்ட் என்ற தண்டு சக்கரத்துக்கு முறுக்கு விசையை மட்டும் கடத்துகிறது. சக்கரத்தைக் கழற்றாமலே அதை உருவ முடிவது அதனால்தான். ஆக, பழைய அச்சின் நேர் வாரிசு ஹவுசிங். ஷாப்ட் வெறும் தண்டு. முழுத் தொகுதிக்கு 'இயக்கு அச்சு', ஷாப்ட்டுக்கு 'அச்சுத் தண்டு' என்பேன். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களான கிரவுனும் பினியனும் அதே பெயரில் இருக்கட்டும், பிடிவாதமில்லை.

அப்புறம் அந்த 'மறுகட்டுமானம்'. ஆத்தங்குடிக் கல் பதித்து வீடா எழுப்பப் போகிறார்கள்? எண்ணெயை வடித்து இரும்புத் தூள் வருகிறதா என்று பார்ப்பது, தேய்ந்த பேரிங்கை மாற்றுவது, பற்சக்கரத்தின் பல்லில் மை தடவி எங்கே பதிகிறது என்று பார்ப்பது, டயல் கேஜ் வைத்துப் பல்லிடைவெளியை அளந்து சிம் என்ற மெல்லிய தகட்டைச் சேர்ப்பது, இவ்வளவுதான் வேலை. 'பிரித்துப் பூட்டுதல்' என்று பட்டறைப் பையனே சொல்லியிருப்பான். மொழிபெயர்த்தவர் கேட்டால்தானே!

இதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மைத்துனர், கிரீஸ் விரலாலேயே அட்டையில் இருந்த 'ஆணி'யை அழித்துவிட்டு லாரிக்கு அடியில் போனார்.