மலை இறங்கும் லாரியின் வெப்பக் கணக்கு

கடலூரிலோ புதுச்சேரியிலோ கனரக வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு இறக்கம் என்பது பெரும்பாலும் ரயில்வே மேம்பாலத்தின் மறுபக்கச் சரிவுதான். கடலூரில் கேப்பர் மலை இருக்கிறது, புதுச்சேரியில் கோரிமேடு இருக்கிறது. பெயரில் மலையும் மேடும் இருந்தாலும், அந்தச் செம்மண் மேடுகளிலிருந்து இறங்கும் லாரிக்கு பிரேக் சூடாவதற்குள் சமதளம் வந்துவிடுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆம் விதி, ஓட்டுநர் தேர்வில் சோதிக்கப்பட வேண்டிய திறன்களைப் பட்டியலிடும்போது, இறக்கத்தில் செல்கையில் விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இறக்கமே இல்லாத ஊரில் அந்தத் திறனை எங்கே சோதிப்பது என்பதை விதி சொல்வதில்லை. இங்கே உரிமம் பெற்ற ஓட்டுநர்தான் சிப்காட்டின் ரசாயனத்தையோ பண்ருட்டியின் பலாவையோ ஏற்றிக்கொண்டு என்றாவது ஒருநாள் மலைப்பாதைக்குப் போகிறார்; ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ திம்பத்தின் 27 வளைவுகளோ அவருக்கு முதல் பாடமாக அமைகின்றன.

சமதளத்தில் பிரேக் பிடிப்பதும் மலை இறங்கும்போது பிரேக் பிடிப்பதும் ஓட்டுநரின் காலுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பிரேக்கின் மீது விழும் வேலை முற்றிலும் வேறு. சரக்கோடு சேர்த்து 28 டன் எடையுள்ள பத்துச் சக்கர லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் அந்த லாரியை முழுமையாக நிறுத்தினால், அதன் இயக்க ஆற்றலான ஏறத்தாழ 39 லட்சம் ஜூல் வெப்பமாக மாறும். அதே லாரி 300 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்கும்போது, புவியீர்ப்பு அதற்குக் கொடுக்கும் ஆற்றல் 8 கோடியே 20 லட்சம் ஜூல். அறுபதில் ஓடும் வண்டியை இருபத்தொரு முறை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு இது சமம்; 30 டிகிரியில் இருக்கும் 280 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் இது போதும். சமதளத்தில் பிரேக்கை விட்டுவிட்டால் வண்டி தானாகவே மெல்ல வேகம் குறைந்து நிற்கும். இறக்கத்திலோ, பிரேக்கை விட்ட அந்தக் கணத்திலேயே வண்டி மறுபடியும் வேகம் பிடிக்கத் தொடங்குகிறது.

இந்த ஆற்றலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை டயர்களின் உருளல் தடையும் காற்றின் தடையும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய முழுவதையும் பிரேக்கே தாங்குவதாக வைத்துக்கொண்டால், அது போய்ச் சேரும் இடம் சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் ஆறு பிரேக் டிரம்கள்; பின்பக்கச் சக்கரங்கள் இரண்டிரண்டாக ஒரே டிரம்மைப் பகிர்வதால், பத்துச் சக்கரங்களுக்கு டிரம் ஆறுதான். டிரம் ஒன்று ஏறத்தாழ 50 கிலோ என்று கொண்டால், ஆறிலும் சேர்த்து 300 கிலோ வார்ப்பிரும்பு இருக்கிறது. காற்றில் கரையும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அந்த இரும்பின் வெப்பநிலை சுமார் 450 டிகிரி செல்சியஸ் உயரும். கேப்பர் மலை இறக்கத்தை 30 மீட்டர் என்று வைத்தால், இதே கணக்கில் உயர்வு 45 டிகிரிதான். ஓட்டுநர் அதை உணரவே மாட்டார். சமவெளியில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அது இந்த ஒரு விஷயத்தில் உதவாமல் போவதற்குக் காரணம் இதுதான்: பிரேக் சூட்டினால் செயலிழக்கும் எல்லையை அந்தச் சாலைகள் ஒருபோதும் தொடவிடுவதில்லை.

அந்த எல்லையில் நடப்பவை இரண்டு. டிரம்மின் உட்சுவரை அழுத்தும் பிரேக் ஷூவின் மீது ஒட்டியோ ரிவெட் அடித்தோ பொருத்தப்பட்டிருக்கும் லைனர், பல பொருள்களைப் பிசின் கொண்டு இறுக்கிச் செய்யப்பட்டது. 250, 300 டிகிரியைத் தாண்டும்போது அந்தப் பிசின் சிதைந்து வாயுவாக வெளியேறத் தொடங்குகிறது. லைனரின் மேற்பரப்பு வழவழப்பாகி, உராய்வு குறைகிறது. மலையடிவாரத்தில் லாரிகளைச் சுற்றி வீசும் அந்தக் கருகல் வாசனை இதுதான். இரண்டாவது மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. 40 செ.மீ. விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விரிகிறது. அதாவது, ஷூ எந்தச் சுவரை அழுத்த வேண்டுமோ அந்தச் சுவர் அதைவிட்டு விலகிச் செல்கிறது. விலகல் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஷூவை விரிக்கும் கேமைத் திருப்பும் நெம்புகோல் நீளமானது என்பதால், அந்த அரை மில்லிமீட்டரை ஈடுகட்ட காற்றழுத்தத்தால் அந்த நெம்புகோலைத் தள்ளும் ஏர் சேம்பரின் தண்டு ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாக வெளியே வர வேண்டியிருக்கிறது. தண்டு வரக்கூடிய மொத்தத் தொலைவே ஆறு செ.மீ. அளவுதான். லைனர் ஏற்கெனவே தேய்ந்து, அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இறுக்கப்படாமல் இருந்தால், தண்டு தன் எல்லைக்கு அருகில் போய்விடுகிறது. அங்கே காற்றழுத்தம் முழுமையாக இருந்தாலும் ஷூவுக்குப் போய்ச் சேரும் விசை சட்டென்று குறைகிறது. குளிர்ந்த நிலையில் நன்றாகப் பிடித்த பிரேக் மலையின் பாதியில் பிடிக்காமல் போவதற்கு இந்த இரண்டும் சேர்ந்தே காரணமாகின்றன. வட்டு பிரேக்கில் இரண்டாவது தொல்லை இல்லை, ஏனென்றால் சூடேறும் வட்டு, தன்னை இருபுறமும் அழுத்தும் பிரேக் பேடுகளை நோக்கித்தான் தடிக்கும். நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் மிகப் பெரும்பாலானவை இன்னும் டிரம் பிரேக் கொண்டவை.

எண்ணெய் பிரேக் கொண்ட சிறிய சரக்கு வண்டிகளுக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. புதிய டாட் 3 வகைப் பிரேக் எண்ணெயின் கொதிநிலை 205 டிகிரிக்குக் குறையாது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சுவதால், நாளடைவில் 140 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. கால் பெடலைத் தரைவரை அழுத்தினாலும் சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் ஓடும் வண்டிக்கு எண்ணெயைக் காலத்தில் மாற்றுவது இன்னும் அவசியம்.

அப்படியானால் இவ்வளவு வெப்பத்தை எங்கே அனுப்புவது? எஞ்சினிடம்தான். கியரில் இருக்கும் வண்டி இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. அந்தச் சுழற்சிக்குத் தேவையான ஆற்றல் இறக்கத்திலிருந்து கழிகிறது, வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றை அடைக்கும் திராட்டில் தடை டீசல் எஞ்சினில் வழக்கமாக இல்லாததால் அதன் இயல்பான தடுப்பாற்றல் குறைவு. அதை ஈடுகட்டவே எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது: புகைக்குழாயை ஒரு தகடு ஏறக்குறைய மூடிவிட, உள்ளே தேங்கும் அழுத்தத்தை எதிர்த்து பிஸ்டன்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. இதைவிட வலுவான ஏற்பாடு ஒன்றின் பிறப்பு சுவையானது. 1931இல் டீசல் எஞ்சின் தயாரிப்பாளரான கிளெஸ்ஸி கம்மின்ஸ், கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் லாரியில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போய், அடிவாரத்துத் தண்டவாளத்தில் ரயிலோடு மோதாமல் மயிரிழையில் தப்பினார். அமுக்கிய காற்றை வால்வைத் திறந்து வெளியேற்றி, எஞ்சினையே பிரேக்காக மாற்றும் அவருடைய கருவி 1961இல் சந்தைக்கு வந்தது. எந்த ஏற்பாடாக இருந்தாலும், எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் தடுப்பாற்றல் அதிகம். கீழ் கியர் வேண்டும் என்பதன் பொருள் அதுவே.

நியூட்ரலில் போட்டு இறக்கினால் டீசல் மிச்சம் என்னும் நம்பிக்கை இங்கேதான் உயிரைக் கேட்கிறது. கணக்குப்படி அது மிச்சமும் அல்ல. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்றைய மின்னணு எஞ்சின் டீசல் செலுத்துவதை அறவே நிறுத்திவிடுகிறது; பழைய பம்ப் எஞ்சினிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையே செய்தது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் எரிய வேண்டியிருக்கிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குபவருக்கு ஏர் கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்து நின்றுபோகின்றன. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலான தொப்பூர் கணவாயில் 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் லாரி மோதி, வாகனங்கள் அடுக்கடுக்காக நொறுங்கிய விபத்துகளில் உயிர்கள் போயின. சேலத்திலிருந்து பெங்களூரு செல்பவருக்கு அந்தக் கணவாய் ஏற்றம், திரும்பி வருபவருக்கு இறக்கம். போகும்போது வண்டி திணறிய இடம் என்று நினைவில் வைத்திருப்பவர், வரும்போது அதை இளைப்பாறும் இடமாக எடுத்துக்கொள்வது எளிது.

எந்த கியர் என்பதை உச்சியிலேயே, இறக்கம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வேகம் கூடிய பிறகு கீழ் கியருக்கு மாற்ற முயன்றால், பழைய கியர் கழன்றுவிடும், புதியது விழாது. வண்டி விரும்பாமலேயே நியூட்ரலுக்கு வந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மூத்த ஓட்டுநர்கள் சொல்லும் விதி. நூறு, நூற்றைம்பது குதிரைத்திறன் எஞ்சின்களின் காலத்தில் அது சரியாகவே இருந்தது. இன்றைய வலுவான எஞ்சின் அதே மலையை மேல் கியரிலேயே ஏறிவிடும். அதன் தடுப்பாற்றலோ அந்த அளவுக்கு வளரவில்லை. ஆகவே ஏறிய கியருக்கு ஒன்றோ இரண்டோ கீழே என்று அந்த விதியைத் திருத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

வேகத்தின் பங்கும் இதே கணக்கில் அடங்கும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் சரிவில் நம் 28 டன் லாரி நாற்பதில் சென்றால், புவியீர்ப்பு நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஜூல் கொடுக்கிறது. அதாவது 200 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் ஒன்று வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்குச் சமம். இருபதில் சென்றால் இது பாதியாகிறது. மொத்த வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஆறு கி.மீ. இறக்கத்துக்கு ஒன்பது நிமிடத்துக்குப் பதில் பதினெட்டு நிமிடம் கிடைக்கிறது, அந்தக் கூடுதல் நேரத்தில் டிரம்கள் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடுகின்றன, எஞ்சினும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அனுமதித்ததைவிட ஐந்து டன் கூடுதலாக ஏற்றினால் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். 2019இல் திருத்தப்பட்ட சட்டம் கூடுதல் சுமைக்கு 20,000 ரூபாயும், டன் ஒன்றுக்கு மேலும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. டிரம் விதிக்கும் அபராதத்தைச் சரக்கு அனுப்பியவர் கட்டுவதில்லை.

எஞ்சின் தாங்கியது போக மீதிக்குக் கால் பிரேக் வேண்டும். அதை லேசாக அழுத்தியபடியே மலை முழுவதும் இறங்குவது பாதுகாப்பானது போலத் தோன்றும். உண்மையில் அதுவே தீங்கு. ஆறு பிரேக்குகளும் ஒரே அழுத்தத்தில் வேலை செய்யத் தொடங்குவதில்லை. சிறிய அழுத்தத்தில் ஒன்றிரண்டு மட்டும் உரசிக்கொண்டிருக்க, மற்றவை சும்மா இருக்கும்; மொத்த வெப்பமும் அந்த ஒன்றிரண்டு டிரம்களில் குவியும். இதற்கு மாறாக, முப்பது என்று வேக எல்லை வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் உறுதியாக அழுத்தி, இருபத்திரண்டு அளவுக்குக் குறைத்து, முழுமையாக விட்டுவிட வேண்டும். வண்டி மீண்டும் முப்பதைத் தொடும்போது அடுத்த முறை. உறுதியான அழுத்தத்தில் ஆறு பிரேக்குகளும் சுமையைப் பகிர்கின்றன, இடைவெளியில் ஆறவும் செய்கின்றன. ஆனால் படபடவென்று பெடலை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் டாங்கியிலிருந்து காற்று செலவாகும், கம்ப்ரசர் அந்த வேகத்துக்கு நிரப்பாது. அழுத்தம் மிகவும் குறைந்தால் காற்றழுத்தம் விலக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் பிரேக் தானாகவே விழுந்து வண்டியை நிறுத்திவிடும் என்ற நம்பிக்கையையும் மலையில் வைக்க முடியாது. அதுவும் சூடேறிப்போன அதே ஷூக்களையும் டிரம்களையும்தான் அழுத்துகிறது.

மலை இல்லாத ஊரின் பயிற்சிப் பள்ளி இவற்றில் பாதியையாவது சமதளத்திலேயே கற்றுக்கொடுக்க முடியும். எஞ்சினை ஓடவிட்டுக் காற்றழுத்தம் நிரப்பி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, கைப்பிரேக்கை விடுவித்தபின், மாணவரை வண்டிக்கு அடியில் அனுப்பி, ஏர் சேம்பரிலிருந்து தண்டு வெளிவரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லலாம். இன்னொருவர் பெடலை முழுமையாக மிதிக்கும்போது அந்தக் கோடு சேம்பரை விட்டு எவ்வளவு விலகுகிறது என்பதை ஸ்கேலால் அளந்தால், மலையில் டிரம் விரியும்போது மிச்சமிருக்கும் தொலைவு எவ்வளவு என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். ஒரு சக்கரத்தில் மூன்று செ.மீ., இன்னொன்றில் ஐந்து என்று வந்தால், அந்த வண்டி மலைக்குத் தயாராக இல்லை.

மலை இறங்கி முடித்தபின் செய்ய வேண்டியதும் சில உண்டு. கொதிக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றுவது வழக்கத்தில் இருக்கிறது. அதனால் வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும். சமமான இடத்தில் கட்டை கொடுத்து நிறுத்தி, கைப்பிரேக்கை உடனே போடாமல் சிறிது நேரம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் ஓட்டுநர் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கலாம். எல்லாச் சக்கரங்களிலும் சூடு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தகித்தால் அதன் ஷூ விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த பிரேக் மலை முழுவதும் வேலையே செய்யவில்லை, அதன் பங்கை மற்ற ஐந்தும் சுமந்திருக்கின்றன. அடுத்த மலைக்கு முன் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய சக்கரம் அதுதான்.