மொஜிபாகே: எழுத்துத் திரிபு

கிளிநொச்சிப் பக்கத்துக் கமக்கார அமைப்பொன்றின் உறுப்பினர் பட்டியலைப் புதிய தரவுத்தளத்துக்கு மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘இரணைமடு’ என்ற ஊர்ப்பெயர் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ‘எழுத்துக் குழம்பிப் போச்சு’ என்போம். கணினிக்காரர் சொல்வது மொஜிபாகே. ஜப்பானியச் சொல்: ‘மொஜி’ என்றால் எழுத்து, ‘பாகே’ உருமாறுதல். பேய் வேறு உருவெடுப்பதற்கும் அங்கே இதே வேர்ச்சொல்தான்.

தமிழில் ‘எழுத்துச் சிதைவு’ என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இங்கே எதுவும் சிதையவில்லை. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் விதம்தான் குறிமுறை. இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் (கணினிச் சேமிப்பின் சிற்றலகு). ‘இரணைமடு’ கண்ணுக்கு 5 எழுத்து; ‘ணை’, ‘டு’ இரண்டும் எழுத்தும் உயிர்க்குறியுமாகப் பிரிவதால் உள்ளே 7 குறி, ஆக 21 பைட். அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 என்று எண்ணி ஒவ்வொரு பைட்டாக வாசித்தால் இந்தக் கோலம்தான். தமிழ்க் குறிகள் எல்லாம் ஒரே பைட்டில் தொடங்குவதால்தான் அந்தச் சாய்கோட்டு ‘ஏ’ விடாமல் வருகிறது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்பான குறிமுறையே லத்தீன்-1. பழைய தளங்களில் இது அதிகம் நடப்பது அதனால்தான்.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சியில் படித்தோமே, இது திரிதல். ஆகவே ‘எழுத்துத் திரிபு’. திரிந்ததை மீட்கலாம்: அட்டவணையின் அந்த நிரலை (column) முதலில் பைனரியாக்கி, அதாவது எழுத்தென்று பாராமல் வெறும் பைட்டாக்கி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) ஆக்க வேண்டும். நேரே மாற்றினால் திரிபின் மேல் திரிபு.

பெயர் முழுக்க வினாக்குறியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் அது கெடுதல். பழைய பிரதி இருந்தால்தான் பிழைப்பு. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய மூன்றாம் பைட்டுக்கு, லத்தீன்-1ஐ ஒட்டிய விண்டோஸ்-1252 குறிமுறையில் எழுத்தே இல்லை. சில கருவிகள் அதை எறிந்துவிடும். மீட்டபின் ‘முல்லைத்தீவு’ நான்கு இடத்தில் உடைந்து, ‘மலலைததீவ’ மாதிரி மிஞ்சும்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளின் கதை வேறு. அங்கே ‘தமிழ்’ என்பது உண்மையிலேயே ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டும். குறிமுறையை எத்தனை தரம் மாற்றினாலும் அசையாது. எழுத்துரு மாற்றிதான் வேண்டும். பாமினியில் கொம்பு (ெ, ே) மெய்க்கு முன்னே, யூனிகோடில் பின்னே. அதனால் மாற்றியபின் செட்டிகுளம், நெடுங்கேணி போன்ற கொம்புள்ள பெயர்களை முதலில் சரிபாருங்கள்.